சீசன் காது

கல்லூரி ஜூனியர்களுக்காகப் பணி அனுபவம் ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். தென்காசியில் ஒரு காது மூக்கு தொண்டை க்ளினிக்கில் ஆடியாலஜிஸ்டாக, அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து சொல்கிறவளாக, ஏழு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். நன்றாகச் செய்த ஏதாவது ஒன்றை எழுதலாம் என்று மூன்று முறை ஆரம்பித்து அழித்தேன். கேட்கும் சக்தி போய்க்கொண்டிருந்த ஒருவரை, மூன்று நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லி நான் திருப்பி அனுப்பிய சனிக்கிழமைதான் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நின்றது.

அவர் ஹெவி மெட்டல் ட்ரம்மர். எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க. எழுதலன்னா அடுத்தவனையும் இப்படித்தான் அனுப்பிவிடுவிய" என்றார். பெயரை மாற்றி, இசக்கிமுத்து என்று வைத்திருக்கிறேன்.

மூன்று நாள் சீட்டு

சாரல் காலத்தில் எங்கள் க்ளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் குற்றாலத்தில் குளித்துவிட்டுக் காது அடைத்துக்கொண்டு வருகிறவர்கள். தண்ணீர் உள்ளே போனதும் காதழுக்கு ஊறி உப்பிவிடும். அந்த நிலையில் பி.டி.ஏ. எடுத்தால் கணக்கு தப்பாக வரும். பி.டி.ஏ. என்பது வெளிச்சத்தம் புகாத பூத்துக்குள் உட்கார வைத்து, ஒவ்வொரு சுருதியும் எவ்வளவு சத்தத்தில் ஒலித்தால் கேட்கத் தொடங்குகிறது என்று பார்க்கும் பரிசோதனை. அதனால் சீசனில் எங்களுக்கு ஒரு பழக்கம். சொட்டு மருந்து கொடுப்போம். கூடவே அச்சடித்த சீட்டு ஒன்று: காதில் தண்ணீர் படக் கூடாது, மூன்று நாள் கழித்து வரவும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் சீசன் காது.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு இசக்கிமுத்து என் முன்னால் உட்கார்ந்தார். ஐம்பது வயதுக்குப் பக்கம். வெள்ளை வேட்டி, கறுப்பு டீ-ஷர்ட். டீ-ஷர்ட்டில் முள்வேலி மாதிரி எழுத்துகள், படிக்க முடியவில்லை.

"என்ன செய்யுது அண்ணாச்சி?"

"வலது காது அடைச்சிருக்கும்மா. புதன்கிழமை ஐந்தருவில குளிச்சேன். வியாழக்கிழமை எந்திரிக்கும்போது பஞ்சு வச்ச மாதிரி இருந்திச்சு. ஒரு இரைச்சலும் இருக்கு."

"என்ன வேலை பாக்கிய?"

"பாவூர்சத்திரம் மார்க்கெட்ல கமிஷன் கடை. கத்திரிக்கா, முருங்கக்கா."

"ஏலத்துல சத்தம் ஜாஸ்தியா இருக்குமோ?"

"அது என்ன சத்தம். நான் ட்ரம்ஸ் வாசிக்கேன்."

"கோயில்லயா?"

"ஹெவி மெட்டல்."

வரவேற்பு மேசையிலிருந்து செல்வி அக்கா எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, அப்ப கேக்கவங்களுக்குல்லா காது போவணும்."

"அவங்களுக்கும் போயிட்டுதான் இருக்கு" என்றார் அவர், சிரிக்காமல்.

சத்தத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேட்க எங்களுக்கு ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. எத்தனை வருடம், நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்தப் பக்கம் சத்தம் அதிகம், காதுக்கு அடைப்பான் வைப்பீர்களா. அந்தப் பதில்களிலேயே அவருடைய வாழ்க்கை மொத்தமும் வந்துவிட்டது. பெங்களூரில் படிக்கப் போன இடத்தில், கல்லூரி விடுதியில் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த பேண்ட். இருபத்தேழு வருட வாசிப்பு. பேண்ட் நன்றாக இருந்த காலத்தில் தினம் ஐந்து மணி நேரம். பதினொரு வருடம் முன்பு அப்பா இறந்ததும் கடையைப் பார்க்க ஊருக்கு வந்துவிட்டார். மற்ற மூவரும் ஆளுக்கொரு நாட்டுக்குப் போய்விட்டார்கள். இப்போது ஒரே ஒரு கடைசி ஆல்பம். ஐந்தருவி ரோட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பத்துப் பாட்டில் எட்டுக்கு ட்ரம்ஸ் பதிவு செய்தாகிவிட்டது. இன்னும் இரண்டு.

"இடது காது எப்படி?"

"அது பழசு. ஹை-ஹேட்ங்கிற ஜோடி சிம்பல் அந்தப் பக்கம்லா. சிம்பல் சத்தத்துல மேல் சுருதி எல்லாம் எப்பவோ போச்சு. வலதை வச்சுத்தான் வண்டி ஓடுது. இப்ப தாளம் எண்ணுததுக்கு உள்ளுக்குள்ள முணுமுணுத்தாக்கூட, சவத்து இடது காதுலதான் கேக்குது."

அப்போது என் ஃபோன் மூன்றாவது முறையாக அதிர்ந்தது. மகள் மீனுவின் ப்ளே ஸ்கூல் சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள், மீனு மட்டும் படியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்த டீச்சர் செய்தி அனுப்பியிருந்தார். நான் ஓட்டோஸ்கோப் வைத்து இசக்கிமுத்துவின் காதுக்குள் பார்த்தேன். கொஞ்சம் ஈரம், கொஞ்சம் அழுக்கு. படிவத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

"சீசன் காது சார்."

டாக்டருக்கு வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். நிமிராமல் கையெழுத்துப் போட்டார். நான் சொட்டு மருந்தும் சீட்டும் கொடுத்து இசக்கிமுத்துவை அனுப்பிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஐந்தருவி

மறுநாள் காலை ஐந்தருவிக்குப் போனோம். என் கணவருக்குச் சாரலில் ஒரு நாளாவது நனையாவிட்டால் வருடம் போன மாதிரியே இருக்காது. எனக்குப் பயம். நாலரை வயதுப் பிள்ளையை அருவிக்கு அடியில் நிறுத்தக் கூடாது என்று சொல்லி, மீனுவோடு தூரத்தில் ஒதுங்கி நின்றேன்.

அங்கேயும் இரைச்சல் பலமாக இருந்தது. மீனு வலது காதை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு, வாய் திறக்காமல் ஏதோ பள்ளிக்கூடப் பாட்டை முணுமுணுத்தாள். பிறகு என் சேலையை இழுத்தாள்.

"யம்மா, பாட்டு இந்தக் காதுக்குள்ள ஓடிப் போச்சு."

மூடிய காதைத்தான் காட்டினாள்.

முதல் வருடத்திலேயே படிக்கிற பாடம் அது. தண்ணீரோ அழுக்கோ அடைத்தால், நம் முணுமுணுப்பு அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். நரம்பு பாதிக்கப்பட்டால் நேர்மாறு. நல்ல காதுக்குப் போய்விடும். இசக்கிமுத்துவுக்கு அடைத்தது வலது காது. முணுமுணுப்பு இடதில் கேட்கிறது என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். ட்யூனிங் ஃபோர்க் என்னும் அதிரும் கவையைத் தட்டி நெற்றியில் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதை அவர் எனக்குச் சும்மா கொடுத்திருந்தார்.

திடீரென்று நரம்பு பாதித்துக் கேட்காமல் போவது அவசர கேஸ். ஸ்டீராய்டு மாத்திரையை முதல் சில நாளில் தொடங்கினால் கேட்கும் சக்தி திரும்பி வர வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு நாளும் அந்த வாய்ப்பு குறையும். வியாழன், வெள்ளி, சனி, இன்று ஞாயிறு. என் சீட்டின்படி அவர் செவ்வாய்க்கிழமை வருவார்.

கணவர் ஈரத் தலையோடு வந்தார். சொன்னேன்.

"டாக்டர் பாத்துக் கையெழுத்துப் போட்டதுதான?"

"அவர் பாக்கல. நான் சொன்னதுக்குப் போட்டார்."

"ஏட்டி, நீ கேஸ் அடுப்பை ஆஃப் பண்ணினோமான்னு செங்கோட்டை வரைக்கும் போயிட்டுத் திரும்புத ஆளு. ஒரு நாளாவது அடுப்பு எரிஞ்சிக்கிட்டு இருந்திருக்கா?"

இல்லைதான். ஒரு நாளும் எரிந்துகொண்டிருந்ததில்லை. அதனால்தான் காலை நகர்த்த முடியாமல் நின்றேன். இதுவும் வெறும் பயமாக இருந்தால்? காதில் நிஜமாகவே தண்ணீர்தான் இருந்தால்? ஞாயிற்றுக்கிழமை ஒரு நோயாளியைத் தேடிப் போய்ப் பதற வைத்தேன் என்று டாக்டர் கேட்டால் என்ன சொல்வது? இசக்கிமுத்துவின் எண் க்ளினிக் ரெஜிஸ்டரில்தான் இருந்தது. செல்வி அக்காவுக்கு அடித்தேன். அவர் சுரண்டையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார், நாதஸ்வரச் சத்தத்தில் நான் சொன்ன எதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

வீடு ஐந்தருவி ரோட்டில் என்பது மட்டும் நினைவிருந்தது.

இடி விழுகிற வீடு

மங்குஸ்தான் விற்கிற ஒரு பெண்ணிடம் கேட்டேன். "அக்கா, இங்கன ட்ரம்ஸ் அடிக்கிற வீடு எது?"

"அந்த இடி விழுத வீடா?" என்றார். "கீழ போங்க, பச்சை கேட்டு. ஜன்னல்ல எல்லாம் மெத்தையக் கட்டித் தொங்க விட்டிருக்கான். நான் மொதல்ல, யாருக்கோ அம்மை போட்டிருக்கு போலன்னு நெனச்சேன். நீங்க அவங்க வீட்டு ஆளா?"

"இல்ல. க்ளினிக்."

"நல்லதாப் போச்சு. ஊசி கீசி போட்டு அடக்குங்க."

பச்சை கேட்டுக்கு வெளியே நின்றபோதே தரை அதிர்ந்தது. கணவரும் மீனுவும் வண்டியிலேயே இருந்தார்கள். நான் உள்ளே போனேன். கூடத்தில் ட்ரம்ஸ், அதைச் சுற்றிலும் மைக்குகள். இசக்கிமுத்து வெறுங்காலோடு இரண்டு பெடலையும் மிதித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு வேகத்தில் ஒரு மனிதனின் இரண்டு காலும் ஓடி நான் பார்த்ததில்லை. மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் பெங்களூரிலிருந்து வந்திருந்த சவுண்ட் இன்ஜினியர், சின்ன வயது, என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். டேக் முடிகிற வரை சுவரோடு ஒட்டி நின்றேன். அந்த இரண்டு நிமிடத்தில் இசக்கிமுத்துவின் வலது காதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

வாசிப்பு நின்றது.

"நீங்க க்ளினிக்ல பாத்த பிள்ளைல்லா?"

"ஆமா அண்ணாச்சி. நேத்து ஒரு டெஸ்ட் பண்ணாம விட்டுட்டேன். வாயைத் திறக்காம முணுமுணுங்க. எந்தக் காதுல கேக்குது?"

முணுமுணுத்தார். "இடதுல. நேத்தே சொன்னேனே."

"அப்ப அது தண்ணி இல்ல. நரம்பு. இன்னைக்கே டாக்டரைப் பாக்கணும்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ட்ரம்ஸ் வாடகை இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான். இந்தத் தம்பிக்கு ஆறு மணிக்கு பஸ். ரெண்டு பாட்டு இருக்கு. முடிச்சிட்டு, நாளைக்குக் காலையில ஏலம் முடிஞ்சதும் வாரேன்."

"நாளைக்கு அஞ்சாவது நாள் அண்ணாச்சி."

"பதினோரு வருஷம் காத்திருந்திருக்கேன். இதுக்கு அப்புறம் பேண்டே கிடையாது. ஒரு நாள்ல என்ன ஆயிரும்?"

அவரைக் கூட்டிப் போக எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. நேற்று நானே மூன்று நாள் ஆகட்டும் என்று அனுப்பினேன், இன்று நானே ஒரு நாள்கூடத் தாங்காது என்கிறேன். யார் நம்புவார்கள்? மேசையில் இருந்த ஹெட்ஃபோனைப் பார்த்தேன்.

"க்ளிக் எந்தக் காதுல கேக்கிய?" என்றேன். க்ளிக் என்பது தாளம் பிசகாமல் இருக்க ஹெட்ஃபோனில் ஓடும் டிக் டிக் சத்தம்.

"ரெண்டுலயும் வைப்பேன். வியாழக்கிழமைல இருந்து இடதுல."

இன்ஜினியரிடம் சொன்னேன். "வலதுக்கு மட்டும் மாத்துங்க. பேசுற சத்தம் அளவுக்கு வச்சாப் போதும். ரொம்ப ஏத்தினா எலும்பு வழியா இந்தப் பக்கம் தாண்டிரும்."

இசக்கிமுத்து ஹெட்ஃபோனை மாட்டினார். குச்சிகளை உயர்த்திக் காத்திருந்தார். இன்ஜினியர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"போடு தம்பி."

இன்ஜினியர் திரையை இன்னொரு முறை சரிபார்த்தார்.

"போடுலே. எவ்வளவு நேரம்?"

இன்ஜினியர் எழுந்து அவர் முன்னால் போய் நின்று சொன்னார். "ஓடிட்டிருக்குண்ணே. எட்டு பார் தாளம் போயிடுச்சு."

தூக்கிய குச்சிகள் அப்படியே இருந்தன. பிறகு ஒன்றால் பெரிய சிம்பலை ஒரே ஒரு அடி அடித்து, அது அடங்கும் முன் கையால் பிடித்து நிறுத்தினார். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார்.

"நேத்து இதே காதைத்தான பாத்திய?"

"உள்ள பாத்தேன் அண்ணாச்சி. நீங்க சொன்னதைக் கேக்கல. தப்பு என் மேலதான்."

அவர் செருப்பைத் தேடினார்.

பூத்

டாக்டருக்கு அங்கிருந்தே பேசினேன்.

"யாரு சொன்னா நரம்புன்னு? பி.டி.ஏ. எடுத்தியா?"

"இல்ல சார். முணுமுணுக்கச் சொன்னேன். நல்ல காதுலதான் கேக்குது."

"ஸ்டீராய்டு போட வேண்டியிருக்கும், சுகர் இருக்கான்னு கேளு. சாப்பிட்டுட்டு வரச் சொல்லு. நான் க்ளினிக்கைத் திறக்கேன்."

பன்னிரண்டு மணிக்கு இசக்கிமுத்து பூத்துக்குள் உட்கார்ந்தார். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், என் முதுகுக்குப் பின்னால் டாக்டர். குறுக்கே கேட்டுவிடாதபடி இடது காதுக்கு மறைப்புச் சத்தம் கொடுத்துவிட்டு, வலது காதில் ஐந்து ஐந்து டெசிபலாக ஏற்றிக்கொண்டு போனேன். முப்பது. நாற்பது. ஐம்பது. அவருடைய கட்டைவிரல் பட்டன் மேல் தயாராக இருந்தது, நகரவில்லை. அறுபது. நான் தப்பான பக்கத்தில் போட்டிருக்கிறேனோ என்று ஸ்விட்சை இரண்டு முறை சரிபார்த்தேன். எழுபத்தைந்தில் விரல் அழுந்தியது. எல்லாச் சுருதியிலும் கிட்டத்தட்ட அதேதான்.

டாக்டர் அங்கேயே ஸ்டீராய்டு எழுதினார். அப்போதே போடச் சொன்னார். மறுநாள் திருநெல்வேலியில் ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்தார். இசக்கிமுத்து போனபிறகு டாக்டர் சனிக்கிழமைப் படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

"ட்யூனிங் ஃபோர்க் கட்டம் வெறுமனே இருக்கு."

"பண்ணல சார்."

"நான் நார்மல்னுல்லா நெனச்சேன்" என்றார். தன் கையெழுத்தையும் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டு மாடியிலிருக்கும் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேனா கையில் இருந்தது. சரியான விடை எனக்கு இப்போது தெரியும். அதைச் சனிக்கிழமையே கண்டுபிடித்த மாதிரி நிரப்பினால், சீட்டுக் கொடுத்த தப்பு என்னோடு நிற்காது, விடையைப் பார்த்தும் கையெழுத்திட்ட டாக்டர் மேல் போய்விடும். காலியாகவே விட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. "செய்யவில்லை" என்று எழுதி, பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தேதியும் என் கையெழுத்தும் போட்டேன்.

மூன்று வாரம்

ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம் எடுத்த ஆடியோகிராமில், அதாவது பி.டி.ஏ. கணக்கைக் கோடாகக் காட்டும் தாளில், கீழ்ச் சுருதிகள் முப்பது டெசிபலிலேயே கேட்டன. பேச்சு புரிந்தது. மேல் சுருதிகள் வரவில்லை.

"சிம்பல் கேக்குமா?" என்றார்.

"அடி விழுந்தது கேக்கும். அதுக்கப்புறம் இழையிற சத்தம் கேக்காது."

அவர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். "சனிக்கிழமையே மாத்திரை போட்டிருந்தா முழுசா வந்திருக்குமா?"

யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்வதாகத் தோன்றியது.

"தெரியாது அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம்."

"கோவம் இருக்கு" என்றார். "இல்லன்னு சொல்ல மாட்டேன். நீங்க வரலன்னா இதுவும் இல்லங்கதும் தெரியுது. ரெண்டையும் வச்சுக்கிடுதேன்." ஆடியோகிராமில் இரண்டு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அவர் மறுபடி ட்ரம்ஸில் உட்காரவில்லை. மீதி இரண்டு பாட்டுக்கு வேறு ஆளை வைக்கலாம் என்று நண்பர்கள் சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லையாம். ஆல்பம் வந்தபோது அந்த இரண்டும் ட்ரம்ஸ் இல்லாமலே வந்தன. கிட்டார் பாய்கிறது, பாடகர் அலறுகிறார், அடி விழ வேண்டிய இடமெல்லாம் திறந்து கிடக்கிறது. கேட்டுப் பார்த்தேன். இந்த இசை எனக்குப் புரியாது. ஆனாலும் அந்த இடைவெளிகள் வரும்போது என் கால் தானாக நிற்கிறது. இப்போது எங்கெங்கிருந்தோ சின்ன வயது ட்ரம்மர்கள் அந்த இரண்டு பாட்டுக்கும் தாங்களே வாசித்து அவருக்கு அனுப்புகிறார்கள். சிலர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கே வந்து, கத்திரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் நிற்கிறார்கள். கடைச் சுவரில் அவருடைய ஆடியோகிராம் ஒட்டியிருக்கிறது. முதலில் காதைக் காட்டிவிட்டு வா, பிறகு உன் வாசிப்பைக் கேட்கிறேன் என்று அவர்களை எங்களிடம் அனுப்புகிறார்.

எங்கள் க்ளினிக்கில் சீசன் சீட்டு இன்னும் இருக்கிறது. அதற்கு முன்னால் எல்லோரையும் முணுமுணுக்கச் சொல்கிறோம், அரை நிமிடம் ஆகிறது. ஜூனியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். படிவத்தில் வெறுமனே விட்ட கட்டத்தை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் "எல்லாம் சரி" என்றுதான் படிப்பார்கள். செய்ததை எழுதுங்கள். செய்யாததைச் செய்யவில்லை என்று எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால், நோயாளி எழுந்து போவதற்குள் செய்துவிடுங்கள்.

போன வாரம் நாகர்கோவிலிலிருந்து கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் வந்தாள். உள்ளங்கையெல்லாம் ட்ரம்ஸ் குச்சி பிடித்த காய்ப்பு.

"உனக்கு என்னம்மா செய்யுது?"

"ஒண்ணும் செய்யல அக்கா. அந்த அண்ணாச்சி போகச் சொன்னாங்க."

வாசலில் கூட்டம் இருந்தது, மீனுவின் பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பரிசோதனையையும் செய்து, எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். அவளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது.